சிற்றூர்ப் பாடசாலையும் அதன் பெறுபேறும்

ஒரு பாடசாலை நன்கு நடைபெறுகின்றதா என்று அறிய விரும்புவோர் முதலில் வினவுவது அதன் பெறுபேற்றையே. க.பொ.த. சாதாரண தரத்தில் எத்தனை வீதத்தினர் சித்தியடைந்தனர், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர் என்ற இரு வினாக்களோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. ஆயிரம் பிள்ளைகள் கற்கும் நகரப் பாடசாலைக்கு இவ்வினாக்கள் ஓரளவு பொருந்தும். அறுபது பிள்ளைகள் மட்டுமே கற்கும் சிற்றூர்ப் பாடசாலைக்கு இவை பொருந்துமா என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படும் இடம் யாழ்ப்பாணத்துத் தீவகம்.

குடாநாட்டின் தென்மேற்கே ஆழங்குறைந்த கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளின் தொகுதியே தீவகம் எனப்படுகின்றது. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்பன பண்ணைப் பாலத்தாலும் அதனைத் தொடரும் பாதைகளாலும் யாழ்ப்பாண நகரோடு தரைவழி இணைந்தவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றை அடையக் கடலைத் தாண்டவேண்டும். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறினால், கடல் அமைதியாயிருக்கும் நாளில் நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சோழகம் வீசும் மாதங்களில் அப்பயணம் எத்தகையது என்பதை அதிற் சென்றவரே அறிவர். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களுள் தீவகமும் ஒன்று. அங்குள்ள பாடசாலைகள் பல, கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்னும் வகைகளுள் அடங்குவன.

கல்வி இத்தீவுகளுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தின் ஏனைய பகுதிகளிற் போலவே இங்கும் திண்ணைப் பள்ளிகளைத் தொடர்ந்து கிறித்தவ மிஷன்களும் சைவப் பெரியோரும் ஊரவரும் போட்டியிட்டுப் பாடசாலைகளை நிறுவினர். 1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, கடலோரத்துக் குடிசையிற் பிறந்த பிள்ளைக்கும் உயர்கல்வியின் வாயில் திறந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளிற் பிறந்த சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பாயின. தமிழாராய்ச்சியை உலகறியச் செய்த தனிநாயகம் அடிகளார் 1913 இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்தவர். எழுத்தாளரும் ஆசிரியருமாகிய மு. தளையசிங்கம் புங்குடுதீவைச் சேர்ந்தவர். இம்மண்ணிற் கல்வி விளையாது என்று எவரும் சொல்லுதல் இயலாது.

இனி, மக்கள் தொகையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தீவக மக்கள் ஊரைவிட்டு வெளியே செல்வது நேற்று இன்று தொடங்கிய வழக்கமன்று. நல்ல தண்ணீர் அரிது, வயல் குறைவு, பனையும் புகையிலையும் மீனும் கால்நடையும் எல்லோரையும் தாங்கா. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் தேடிச் சென்றனர். வேறு பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தனர். காரைநகர், புங்குடுதீவு வணிகரின் கடையில்லாத பட்டினம் அக்காலத்தில் அரிது எனலாம்.

அந்தப் பழைய புலப்பெயர்வில் ஒரு முக்கியமான இயல்பு இருந்தது. சென்றவர் தகப்பனார் ஒருவரே. தாயும் பிள்ளைகளும் ஊரிலேயே தங்கினர். மாதந்தோறும் காசுக்கட்டளை வந்தது. பிள்ளை ஊர்ப் பாடசாலைக்குச் சென்றது. பென்சன் பெற்றுத் திரும்பியவர் பாடசாலைக்கு ஒரு மண்டபமோ கிணறோ கட்டுவித்தார். ஆகவே வெளியே சென்ற செல்வம் ஊர்ப் பாடசாலையைப் பலப்படுத்தியது.

பிற்காலத்துப் புலப்பெயர்வு வேறு வகையானது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் கலவரங்களிற் கடைகள் அழிந்தன. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போர் தீவகத்தை எட்டியபோது, பெருந்தொகையான மக்கள் வீடு வளவை விட்டுக் குடாநாட்டுக்கும் அப்பாலும் சென்றனர். பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டனர். இம்முறை குடும்பமே சென்றது, பிள்ளையும் சென்றது. கிளிநொச்சி நீங்கலாக யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள் தொகை 1981 ஆம் ஆண்டுக் கணிப்பில் 7 இலட்சத்து 38 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தது. 2012 ஆம் ஆண்டுக் கணிப்பில் அது 5 இலட்சத்து 83 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. நாடாளுமன்றத்துக்கு 2010 ஆம் ஆண்டில் ஒன்பது உறுப்பினரைத் தெரிவுசெய்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், 2024 ஆம் ஆண்டில் ஆறு பேரையே தெரிவுசெய்தது. மாவட்டம் முழுவதற்கும் இந்நிலையாயின், அதன் ஓரத்திலுள்ள தீவுகளின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பூட்டிய வீடுகளும் வடலி மண்டிய வளவுகளும் அதனைச் சொல்லும்.

போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஒரு பகுதியினர் திரும்பினர். ஆனால், வசதி படைத்தோர் திரும்பியது திருவிழாவுக்கு; நிலையாக வாழ்வதற்கு ஊரில் இருப்போர் பெரும்பாலும் மீன்பிடிப்போர், கால்நடை வளர்ப்போர், கூலி வேலை செய்வோர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோர். இவர்களின் பிள்ளைகளே இன்று சிற்றூர்ப் பாடசாலையின் மாணாக்கர். ஒருகாலத்தில் வணிகரின் பிள்ளையும் ஆசிரியரின் பிள்ளையும் மீனவரின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படித்த பாடசாலையில், இன்று வேறு போக்கிடம் இல்லாதோரின் பிள்ளைகளே பெரும்பாலும் எஞ்சியுள்ளனர். தொகை குறைந்ததோடு தொகுதியும் மாறிவிட்டது என்பதை மறத்தலாகாது.

இவ்வாறு மாறிய பாடசாலையின் பெறுபேற்றை எவ்வாறு வாசிப்பது? முதலிற் கணக்கின் இயல்பைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒரு பாடசாலையிற் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு பிள்ளைகள் தோற்றுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவருடைய தேர்ச்சி பதினாறு வீதத்துக்கும் மேலாகும். சென்ற ஆண்டு ஐவர் சித்தியடைந்தனர், இவ்வாண்டு மூவர். எண்பத்து மூன்று வீதம் ஐம்பதாக வீழ்ந்தது என்று அறிக்கை சொல்லும். பாடசாலை சீரழிந்தது என்று ஊர் சொல்லும். உண்மையில் நடந்தது யாதெனில், ஒரு பிள்ளையின் தகப்பனாருக்கு நோய் கண்டது. மற்றொரு பிள்ளை பரீட்சைக்கு முந்திய மாதங்களிற் கடலுக்குச் சென்றது. இருநூறு பேர் தோற்றும் நகரப் பாடசாலையில் இவ்விருவரும் ஒரு வீதமாகவே தோன்றுவர். எவர் கண்ணுக்கும் படார். வீதம் என்பது பெருந்தொகைக்கு உகந்த அளவுகோல். ஆறு பேரை அளப்பதற்கு அதனினும் எளிய வழி உண்டு. ஆறு பேருடைய பெயரையும் சொல்லி, அவரவர் நிலையை விசாரித்தலே அது.

இரண்டாவது விடயம் இதனினும் பெரிது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, ஏழைப் பிள்ளை சிறந்த பாடசாலைக்குச் செல்ல வழிவகுக்கும் நன்னோக்கோடு அமைந்தது. அதனால் நாடு அடைந்த நன்மை பெரிது. ஆயினும் சிற்றூர்ப் பாடசாலையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் மறுபுறமும் தெரியும். முதலாந் தரத்திற் பத்துப் பிள்ளைகள் சேர்கின்றனர் என்க. ஊர் ஆசிரியர் ஐந்தாண்டு உழைத்து அவர்களை எழுத்தறிவித்து எண்ணறிவித்து வளர்க்கின்றார். இருவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டி நகரப் பாடசாலைக்குச் செல்கின்றனர். அதனைக் கண்ட வசதியுள்ள பெற்றோர் இருவர், தம் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் விடுகின்றனர். எஞ்சிய அறுவரே பதினோராந் தரத்தில் ஊர்ப் பாடசாலையின் பெயராற் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். சென்ற நால்வரின் திறமைச் சித்திகள் நகரப் பாடசாலையின் கணக்கிற் சேர்கின்றன. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர் என்பது போல இது முடிகின்றது. ஐந்தாந் தரத்தில் எவ்வளவு நன்றாகக் கற்பிக்கின்றதோ, அவ்வளவுக்கு அப்பாடசாலை பதினோராந் தரத்தில் நலிந்து தோன்றும். அந்த நலிவைக் கண்டு அடுத்த ஆண்டு முதலாந் தரத்துக்கு வரவேண்டிய பிள்ளையையும் பெற்றோர் வேறிடத்திற் சேர்ப்பர்.

மூன்றாவது, ஆசிரியர் தொகை. நம் நாட்டு அரசினர் பாடசாலைகளில் ஏறத்தாழ 40 இலட்சம் மாணாக்கர் கற்கின்றனர். சராசரியாக ஓர் ஆசிரியருக்குப் பதினேழு பிள்ளைகள் அளவில் வரும். உலக நாடுகள் பலவற்றோடு ஒப்பிட இது நல்ல நிலையே. ஆனால், இச்சராசரியை அறுபது பிள்ளைகள் கற்கும் பாடசாலைக்கு அப்படியே இட்டால், நான்கு ஆசிரியருக்கு மேற் கிடையாது. அங்கே முதலாந் தரம் முதற் பதினோராந் தரம்வரை வகுப்புகள் பதினொன்று. சாதாரண தரத்துக்குரிய பாடங்கள் ஒன்பது. பிள்ளைகளின் தொகை குறைந்ததனாற் பாடங்களின் தொகை குறைவதில்லை. கணித ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால், அடுத்தவர் வரும்வரை அப்பாடம் கேட்பாரற்றுக் கிடக்கும். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தி பெற்று, அவற்றுள் மூன்றிலேனும் திறமைச் சித்தி பெற்றாலன்றி உயர்தர வகுப்புக்குச் செல்லுதல் இயலாது. ஆகவே கணித ஆசிரியர் ஒருவர் இல்லாமை, ஒரு வகுப்பு முழுவதின் வாழ்க்கைப் பாதையையே அடைத்துவிடும்.

தீவுக்கு நியமனம் பெறும் ஆசிரியரைக் குறைகூறுதல் எளிது. அவர்களுட் பலர் இளம் பெண்கள். விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பஸ்ஸும் படகும் ஏறி வந்து கற்பித்துவிட்டு, மாலைப் படகுக்கு விரைபவர்கள். படகு பிந்தினால் முதற் பாடம் இல்லை. கடல் கொந்தளித்தால் அன்று பாடசாலையே இல்லை. நகரத்துப் பிள்ளைக்குப் பாடசாலை விட்ட பின்னரும் ரியூட்டரி உண்டு. அங்கே விட்டதை இங்கே பிடித்துக்கொள்ளலாம். தீவுப் பிள்ளைக்குப் பாடசாலையில் விட்டது விட்டதுதான். ஆதலால், பரீட்சைப் பெறுபேற்றை அருகருகே வைத்து நகரப் பாடசாலையையும் தீவுப் பாடசாலையையும் ஒப்பிடுவோர், பாடசாலைகளை மட்டும் ஒப்பிடவில்லை. ரியூட்டரியையும் போக்குவரத்தையும் பெற்றோரின் வருவாயையும் சேர்த்தே ஒப்பிடுகின்றனர்.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதனைக் காணலாம். அனுமதியிற் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில் வழங்கப்படுகின்றது. பின்தங்கிய பகுதிகளுக்கு உதவும் நோக்கில் எழுந்த ஏற்பாடு அது. ஆயினும் மாவட்டத்தின் உள்ளே வேறுபாடு இல்லை. நகரின் நடுவிற் படித்த பிள்ளையும் நெடுந்தீவிற் படித்த பிள்ளையும் ஒரே பட்டியலில் ஒரே வெட்டுப்புள்ளிக்கு நிற்கவேண்டும். நகரின் சிறப்பு மாவட்டச் சராசரியை உயர்த்த, அந்தச் சராசரியின் நிழலிற் சிற்றூரின் குறை மறைந்துபோகின்றது.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், அப்படியாயின் இப்பாடசாலைகளை மூடி, பிள்ளைகளைப் பெரிய பாடசாலைகளிற் சேர்த்துவிடலாகாதா என்று கேட்கக்கூடும். அது நியாயமற்ற வினாவன்று. நான்கு பேர் கொண்ட வகுப்பில் விளையாட்டுக்கு ஓர் அணி திரட்ட இயலாது. விவாதத்துக்கு எதிர்க்கட்சி கிடையாது. தன்னினும் வல்ல ஒருவனைக் கண்டு முயலும் வாய்ப்பும் குறைவு. தரைவழி இணைந்த ஊரில், இரண்டு மைல் தூரத்துக்குள் நல்ல பாடசாலை ஒன்று இருக்க, இரு பாடசாலைகளும் ஆசிரியரின்றித் தவிப்பதைவிட ஒன்றாதல் நன்றே. ஊர்ப் பெருமையும் பழைய மாணவரின் பாசமும் அதற்குத் தடையாதல் தகாது.

ஆனால் இடையே கடல் இருக்குமாயின் நிலைமை வேறு. ஆறு வயதுக் குழந்தை நாள்தோறும் படகேறிப் பள்ளி செல்லுமா? விடுதியில் விட ஏழைத் தாய் இசைவாளா? வசதியுள்ளோர் வேறு ஊரிற் குடியேறுவர்; இல்லாதவர் பிள்ளையை வீட்டில் நிறுத்துவர். ஐந்து வயது முதற் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என 2016 ஆம் ஆண்டில் ஒழுங்கு செய்த நாடு, அக்கட்டாயத்தைப் பிள்ளைமீது மட்டும் சுமத்துதல் முறையன்று. பிள்ளை எட்டக்கூடிய தூரத்திற் பாடசாலை வைத்திருக்கும் கடமை அரசினர்க்கும் உண்டு. மேலும், சிற்றூரிற் பாடசாலையே கூட்ட மண்டபம். அதுவே தேர்தற் சாவடி. புயல் நாளில் அதுவே புகலிடம். பாடசாலை மூடப்பட்ட ஊரில் இளங்குடும்பம் தங்காது. இளங்குடும்பம் தங்காத ஊர் சில ஆண்டுகளில் வெறும் பெயராகவே நிற்கும்.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? அயலிலுள்ள மூன்று நான்கு பாடசாலைகள் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குரிய ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் ஓரிடத்திலும் மூன்று நாள் மற்றோரிடத்திலும் கற்பிக்கலாம். தீவிலேயே தங்கிப் பணியாற்ற விரும்பும் ஆசிரியருக்குத் தண்ணீரும் மின்சாரமும் உள்ள நல்ல விடுதி அமைத்தல், கண்டன அறிக்கை பலவற்றினும் பயன் தரும்.

பல தரத்துப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் ஒருங்கே கற்பித்தலைக் குறையெனக் கருதும் மனப்பான்மையும் மாறவேண்டும். நமது திண்ணைப் பள்ளியில் அதுவே முறையாயிருந்தது. மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாய் இருந்து இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் இதனைக் கண்ட அன்றூ பெல் என்னும் பாதிரியார், இம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று பரப்பினார். தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாடு, 1970 களின் நடுப்பகுதியில், இத்தகைய சிறு பாடசாலைகளுக்கென்றே 'புதிய பள்ளி' என்ற பெயரில் ஒரு முறையை வகுத்தது. பிள்ளை தன் வேகத்திற் படிக்கத்தக்க வழிகாட்டி ஏடுகளும் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் உதவும் சிறு குழுக்களும் அதன் அடிப்படை. ஆசிரியர் கலாசாலைகளிற் பல்தரக் கற்பித்தலைப் பெயருக்கு ஒரு பாடமாக வையாது, உண்மைப் பயிற்சியாக அளித்தால், நான்கு பிள்ளைகள் கொண்ட வகுப்பு ஒரு வாய்ப்பாகவும் மாறும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் எந்த ஆசிரியரும் ஒவ்வொரு கொப்பியையும் நாள்தோறும் பார்த்தல் இயலாது. நான்கு பேர் கொண்ட வகுப்பில் இயலும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவருக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. அவர்களின் கொடையால் எழுந்த வளைவுகளும் மதில்களும் மண்டபங்களும் அவர்களின் நன்றியைக் காட்டுகின்றன. ஆயினும் அறுபது பிள்ளைகள் கற்கும் பாடசாலைக்கு இரண்டாவது மண்டபம் வேண்டியதில்லை. அப்பணத்தில் ஒரு பங்கு, மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியரின் வேதனமாகவோ, உயர்தரம் கற்க நகருக்குச் செல்லும் ஏழைப் பிள்ளையின் விடுதிச் செலவாகவோ, நூலகத்துப் புத்தகமாகவோ மாறினால், அதன் பயன் கல்வெட்டிற் பொறிக்கப்படாவிடினும் நெடுநாள் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாடசாலையை மதிப்பிடும் கணக்கு மாறவேண்டும். சிற்றூர் அதிபரிடம் மூன்று கணக்குகளைக் கேட்கலாம். ஊரில் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுட் பாடசாலைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பது முதற் கணக்கு. முதலாந் தரத்திற் சேர்ந்தவர்கள் பதினோராண்டின் பின் எங்கே இருக்கின்றனர் என்பது இரண்டாவது. வேறு பாடசாலைக்குச் சென்றவரின் வெற்றியும் அதிற் சேரும். இடைவிலகியவரின் துயரமும் அதிற் சேரும். ஒவ்வொரு பிள்ளையும் வந்த நாளில் எந்நிலையில் இருந்தது, இன்று எந்நிலையில் இருக்கின்றது என்பது மூன்றாவது. எழுத்துக்கூட்ட அறியாது வந்த பிள்ளை செய்தித்தாளை வாசித்துப் பொருள் சொல்லுமாயின், அது பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் சித்தியடையாவிடினும், அப்பாடசாலை தன் கடமையில் ஒரு பகுதியைச் செய்துள்ளது. வீதம் கட்டாயம் வேண்டுமாயின், ஓராண்டை நோக்காது ஐந்தாண்டுகளைக் கூட்டி நோக்குக. அப்பொழுதுதான் உண்மையான தளர்ச்சியும் தற்செயலான சறுக்கலும் வேறுவேறாகத் தெரியும். உண்மையான தளர்ச்சி தெரியுமிடத்து, சிறிய பாடசாலை என்ற காரணங்காட்டி எவரும் தப்பித்தலும் ஆகாது.

இவையெல்லாம் தீவகத்துக்கு மட்டும் உரியன என்று பிற பகுதியினர் எண்ணுதல் வேண்டா. இலங்கையில் 2020 ஆம் ஆண்டில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன; 2023 ஆம் ஆண்டில் அத்தொகை இரண்டரை இலட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. அன்று பிறந்த குழந்தை அடுத்த சில ஆண்டுகளில் முதலாந் தரத்தின் வாயிலுக்கு வரும். மலையகத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் தென்னிலங்கைக் கிராமங்களிலும் வாங்குகள் வெறுமையாகும் நாள் தொலைவில் இல்லை. போரும் புலப்பெயர்வும் தீவகத்துக்கு முன்கூட்டியே கொண்டுவந்த வினாவைக் காலம் எல்லா ஊருக்கும் கொண்டுவரும்.

ஆகவே, ஒரு சிற்றூர்ப் பாடசாலையின் பெறுபேற்றைக் கேட்கும்போது, எத்தனை வீதம் என்று கேட்டதோடு நில்லாது, எத்தனை பேரில், அவர்கள் யாவர், சென்றவர் எங்கே என்று மேலும் மூன்று வினாக்களைக் கேட்கும் வழக்கம் பெற்றோரிடையும் அதிகாரிகளிடையும் பரவுமாக. அவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், அங்கே எஞ்சியுள்ள அறுபது பிள்ளைகளையும் ஒருமுறையேனும் தனித்தனியே நோக்கியிருப்பர். அதுவே அப்பிள்ளைகளுக்குச் செய்யும் முதல் உதவியாகும்.